கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது போன முன்பல்

டொராண்டோவிலிருந்து கோவில்பட்டி வந்து மூன்றாம் நாள். கடலை மிட்டாயைக் கடித்தேன், டக்கென்று ஒரு சத்தம். மேல்வரிசை முன்பல் ஈறு மட்டத்தில் ஒடிந்து கையில் வந்துவிட்டது. பல வருடம் முன்பு வேர் சிகிச்சை செய்துவிட்டு, மேலே உறை மாதிரி மாட்டும் கேப் போடாமல் தள்ளிப்போட்ட பல். நான்கு நாளில் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் நான், சீர்த்தட்டோடு முன்னால் நிற்க வேண்டும். அக்கா ஒன்றும் பேசாமல் அந்தத் துண்டை ஒரு டம்ளர் பாலில் போட்டு மூடி வைத்தாள்.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னைக்கே வேரை எடுத்து இம்ப்ளான்ட் வெச்சிரலாம், மூணு நாள்ல பல் மாட்டிரலாம், 45,000 ரூபா" என்றார்கள். இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில் ஒரு திருகு வைத்து, அதன்மேல் பல் மாட்டுவது. கனடாவில் இதைவிடப் பல மடங்கு ஆகும், அங்கே அரசு பல் திட்டத்திலும் இம்ப்ளான்ட் சேராது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் எப்போது திரும்புகிறேன் என்று அங்கே யாருமே கேட்கவில்லை. அது உறுத்தியது, எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். "பதினெட்டு நாள்ல கிளம்பறேன்" என்றேன். எக்ஸ்ரேயைத் திருப்பிக் காட்டினார். வேர் நெடுக விரிசல், நுனியில் கருப்பாக ஒரு வட்டம். உள்ளே சீழ். எலும்பு நன்றாக இருந்து, சீழ் இல்லாமல், திருகு இறுக்கமாக உட்கார்ந்தால் சிலருக்கு அன்றே தற்காலிகப் பல்லும் வைக்கலாமாம், கீழ்ப்பல் அதில் இடிக்காதபடி. மற்றபடி டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். "நடுவுல ஆடுச்சுன்னா அங்க யாரு சார் பாப்பாங்க?" என்றார்.

பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பல் என்றால், இரண்டு பக்கமும் உள்ள நல்ல பற்களை ராவ வேண்டும். வேர் எடுத்த இடத்தில் ஈறும் எலும்பும் சில மாதத்தில் வற்றும் என்பதால், அவசரமாகக் கட்டிய பிரிட்ஜுக்கு அடியில் சந்து விழும். கழற்றி மாட்டும் பல் செட் மறுநாளே கிடைக்கும், விலையும் குறைவு. கொஞ்ச நாள் 'ஸ' குழறும், இரவில் கழற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம்தான், "ஒடிஞ்ச துண்டு இருக்கா?" என்று கேட்டார்.

அக்காவின் டம்ளரை அப்படியே கொண்டு போயிருந்தேன். வேரை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, ரத்தம் நிற்கும்வரை காத்திருந்தார். அதற்குள் துண்டின் அடிப்பாகத்தை உருட்டி வழவழப்பாக்கி, உள்ளே இருந்த ஓட்டையைப் பல் நிற பசையால் அடைத்தார். பக்கத்துப் பற்களின் பின்புறம் நீல நிற அமிலத்தைத் தடவிக் கழுவினார். நூல் நாடா போன்ற வெள்ளை ஃபைபரைப் பின்பக்கம் பதித்து மூன்று பல்லையும் சேர்த்து ஒட்டி, நீல ஒளி காட்டி இறுக்கினார். பக்கத்துப் பல் எதையும் ராவவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அதே பல். நிறம் பார்க்கும் வேலையே இல்லை, என் பல்தானே! மொத்தம் 4,500 ரூபாய். ஒட்டியது விட்டுப்போனால் மாட்டிக்கொள்ள ஒரு பல் செட்டும் 2,000 ரூபாய்க்குச் செய்து வாங்கிக்கொண்டேன்.

குழந்தைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விழுந்து அடிபட்டு பல் வேரோடு வந்துவிட்டால் கதை வேறு. வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் லேசாகக் கழுவி, வந்த குழியிலேயே திரும்ப வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஒரு மணி நேரம் தாண்ட விடாதீர்கள். பால் பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது.

பந்தியில் அப்பளத்தைக்கூட நொறுக்கித்தான் சாப்பிட்டேன். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஐந்தாவது மாதம் இது, பல் அசையவில்லை. வருகிற தை மாதம் ஆறு வார லீவில் போய் இம்ப்ளான்ட் திருகு வைத்துக்கொள்ளப் போகிறேன், அதற்கடுத்த பயணத்தில் கேப். திருகின் கம்பெனி, அளவு, எண் அச்சிட்ட ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிவரும்படி இங்குள்ள என் பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். அது கையில் இருந்தால்தான், திருகில் ஏதாவது கோளாறு வரும்போது அதற்குப் பொருந்தும் பாகத்தை இங்கே தேடி வாங்க முடியுமாம்.