ஆற்றங்கரைச் சிறுநகரில் மூன்று ஆண்டுகள்: வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் அனுபவம்

பெருநகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆற்றங்கரையில் அமைந்த இந்தச் சிறுநகருக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. வந்த முதல் மாதத்தில் எழுதியிருந்தால் அமைதியைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன். மூன்று மழைக்காலங்களைக் கண்டுவிட்ட பிறகு, அந்த அமைதியைத் தாங்கி நிற்பவை எவை என்பதையும் சொல்ல முடிகிறது.

முதலில் இணையம், ஏனெனில் நம் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. தெளிவான காணொளிக் கூட்டம் ஒன்றுக்கு நொடிக்கு 3 அல்லது 4 மெகாபிட் போதும் என்பதால், வேகத்தைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும் என்று நம்பி, இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) இணைப்பும் வாங்கி வைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டில் ஒருநாள், முக்கியமான கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில், இரண்டு மோடங்களிலும் ஒரே நேரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. பாலத்தில் நடந்த பராமரிப்பு வேலையின்போது கேபிள் அறுந்திருந்தது. இரண்டு நிறுவனங்களின் கேபிள்களும் அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிச் செல்லும் ஒரே குழாய்க்குள்தான் ஆற்றைக் கடக்கின்றன என்பது அன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது. இப்போது ஒரு ஃபைபர் இணைப்பும், கேபிளை நம்பாமல் மைக்ரோவேவ் எனும் வானலை வழியாக இணைக்கப்பட்ட கோபுரத்தைக் கொண்ட ஒரு செல்பேசி இணைப்பும் வைத்திருக்கிறேன். ஆற்றங்கரை ஊருக்குக் குடிபெயர நினைப்பவர் வாடகையைக் கேட்பதற்கு முன் கேபிள் எந்த வழியாக வருகிறது என்று கேட்க வேண்டும் என்பேன்.

மின்வெட்டு எனக்கு அவ்வளவு தொல்லை தரவில்லை. வீடுகளுக்கு வரும் ஃபைபரில், ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் தெருவிலுள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. இணைய நிறுவனத்தின் நிலையத்தில் மின்சாரமும் நம் வீட்டு மோடத்துக்கு ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் இருந்தால் தெருவே இருண்டிருந்தாலும் வேலை நடக்கும்.

ஈரப்பதத்தைத்தான் நான் குறைவாக எடைபோட்டிருந்தேன். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை தலைகாட்டத் தொடங்கும். முதல் மழைக்காலத்திலேயே, சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த அலமாரியின் முதுகுப்புறம் சாம்பல் நிறத்தில் படர்ந்துவிட்டது. அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போட்டு, வெயில் அடிக்கும் நண்பகலில் மட்டும் சன்னலைத் திறந்து வைத்த பிறகு அது திரும்ப வரவில்லை. ஒலியும் எதிர்பாராத ஒன்று. காற்றில்லாத இரவுகளில் நீரின் மேலுள்ள குளிர்ந்த காற்று ஒலியைக் கீழ்நோக்கி வளைப்பதால், அக்கரையில் பேசுவது பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்கும். வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்களோடு இரவில் கூட்டம் நடத்துபவர்கள் ஆற்றைப் பார்த்த அறையை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளத்தைப் பற்றி வீட்டு உரிமையாளரான பெரியவர்தான் சொல்லித் தந்தார். மாடிப்படியின் மூன்றாம் படியருகே சுவரில் மங்கலாகத் தெரிந்த கோட்டை விரலால் தடவிக்காட்டி, "இதுவரைக்கும் வந்துச்சு" என்றார். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று சொல்வது, எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதைத்தான் குறிக்கிறது. முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருப்பவருக்கு அது ஏறத்தாழ 26 சதவீதம் ஆகிவிடுகிறது. அன்றே இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மாடிக்கு ஏற்றினேன்.

பழுது பார்ப்பது இங்கே தாமதமாகும்; மடிக்கணினிக்கு இன்னொரு சார்ஜர் கையிருப்பில் இருப்பது நல்லது. தனிமை உண்மையான சிக்கல்தான், அதுவும் தொழில் பேசத் துணையில்லாத தனிமை. அதற்கு நான் இன்னும் முழுமையான வழி காணவில்லை. ஆனால் வேலை முடிந்த ஐந்தாம் நிமிடத்தில் கரையில் நடந்துகொண்டிருக்கிறேன். முன்பு போக்குவரத்து நெரிசலில் கழிந்த அந்த ஒரு மணி நேரம், நீரின் மேல் வெளிச்சம் மங்குவதைப் பார்ப்பதில் கழிகிறது. அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேன். மேசையை மட்டும் ஆற்றின் பக்கமிருந்து தெருப் பக்க அறைக்கு மாற்றப் போகிறேன்.