சுவர் சார்ட்டா, இட்லித் தட்டா?

இரண்டரை வயதில் என் மகள் சுவரில் மாட்டிய எண் சார்ட்டைப் பார்த்து இருபதுவரை கடகடவென்று ஒப்பிப்பாள். "மூணு பிஸ்கட் எடுத்துட்டு வாம்மா" என்றால் கை நிறைய அள்ளி வருவாள். சார்ட் எண்ணின் பெயரையும் உருவத்தையும் பழக்கும், அவ்வளவுதான்.

இட்லித் தட்டு வேறு மாதிரி. நாலு குழி, குழிக்கு ஒரு எலுமிச்சம்பழம். தொட்டுத் தொட்டு எண்ணும்போது ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது பிடிபடுகிறது. "மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரியச் சில வாரங்கள் ஆயின. ஒரு பழத்தை ஒளித்தால் காலிக் குழியைக் காட்டி, "ஒண்ணு காணோம்!" கழித்தல் அதுதானே?

பல்லாங்குழியின் 14 குழிகளும் இதைச் செய்யும். ஆனால் புளியங்கொட்டையும் சோழியும் இந்த வயதில் நேரே வாய்க்குப் போகும், தொண்டையில் சிக்கும். அதனால்தான் எலுமிச்சை.

சார்ட்டைக் கழற்றவில்லை. 6-க்கும் 9-க்கும் குழப்பம் வரும்போது தேவைப்படுகிறது.