நிறத்தைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்: திருகோணமலையில் பச்சோந்தி வாங்க நினைப்பவர்களுக்கு

திருகோணமலையில் ஒருவர் வாட்சப் வழியாக ஏமன் பச்சோந்தி ‘ஜோடி’ ஒன்றை வாங்கினார். விற்றவர் அனுப்பிய காணொளியில் ஆண் மஞ்சளும் நீலப்பச்சையுமாக மின்னியது. பெண்ணின் உடல் கரும்பச்சை. அதில் பளிச்சென்று மஞ்சள், நீலப் புள்ளிகள். “இந்த நிறம் லேசில கிடைக்காது அண்ணை” என்றொரு குரல்பதிவும் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்த பெண், ஆணைக் கண்டதும் வாயைப் பிளந்து சீறியது. கிளையில் முன்னும் பின்னும் ஆடியது. விற்றவரிடம் கேட்டதற்கு, “புது இடமெல்லோ, கோவத்தில நிக்குது. ஒரே கூட்டில விடுங்கோ, நாலு நாளில பழகிடும்” என்றார். அவர் சொன்னபடியே விட்டார்கள். 17ஆம் நாள் பெண் செத்தது. வயிற்றுக்குள் முட்டைகள் அடைந்து கிடந்தன. காசைத் திருப்பிக் கேட்டவரின் எண்ணை அவர் முடக்கிவிட்டார்.

கிடைக்காத நிறம் என்று விற்கப்பட்டது முட்டை சுமக்கும் பெண்ணின் நிறம். ஏமன் பச்சோந்திப் பெண் இணைசேர்ந்து ஏறக்குறைய ஒரு நாளுக்குள் உடலைக் கறுப்பாக்கி, மஞ்சளையும் நீலத்தையும் தூக்கிக் காட்டும். ‘கிட்ட வராதே’ என்று ஆணுக்குச் சொல்வதுதான் அது. வாய் பிளப்பதும் ஆடுவதும் அதே செய்திதான். இணைசேர விருப்பமுள்ள பெண்ணின் தோற்றம் நேர்மாறானது. இளம்பச்சை உடலில் வெளிர்நீலப் புள்ளிகள் தெரியும், ஆண் தலையாட்டி நெருங்கும்போது ஓடாது, சீறாது. கறுத்துச் சீறும் பெண்ணை ஆணோடு அடைத்து வைத்தால் அது தின்பதை நிறுத்தும், முட்டையிட நிலத்துக்கு இறங்கித் தோண்டப் பயப்படும். இணைசேர்ந்து 20 முதல் 30 நாளில் முட்டை இட வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் உள்ளேயே அடக்கி வைத்திருந்து செத்துப்போகும். 17ஆம் நாள் செத்த பெண் விற்கப்படும்போதே முட்டையோடு இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டியதில்லை.

இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை: ஆணே இல்லாவிட்டாலும் இந்தப் பெண்கள் கருவில்லாத முட்டைகளை இடும். ஒரு தடவைக்கு 20 முதல் 70 வரைகூடப் போகும். ஆகவே ‘தனிப் பெண்தானே, பிரச்சினை இல்லை’ என்பதும் பொய். 5 மாதம் கடந்த எந்தப் பெண்ணுக்கும் கூட்டுக்குள் முட்டையிடும் வாளி நிரந்தரமாக இருக்க வேண்டும். 30 சென்ரிமீற்றர் அகலமும் ஆழமும் உள்ள பிளாஸ்டிக் வாளி போதும், அதில் 20 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் ஈரமணல். விரலால் குத்தினால் துளை இடியாமல் நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. நிலாவெளியிலிருந்தோ உப்புவெளியிலிருந்தோ கடற்கரை மணலை அள்ளி வந்து போடாதீர்கள். அது உப்பு மணல், தோண்டத் தோண்டச் சரியும். கழுவிய ஆற்றுமணலோடு கொஞ்சம் தோட்டத்து மண்ணைக் கலந்தால் சுரங்கம் நிற்கும். தோண்டத் தொடங்கினால் கூட்டைத் துணியால் மூடிவிட்டு விலகுங்கள். யாரோ பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிடும், விட்டால் மறுபடி முட்டை தேங்கும். பகலில் கண் மூடிக் கிடப்பது, கண் குழிவது, கிளையைப் பிடிக்கும் பிடி தளர்வது, கூட்டின் அடியிலேயே உட்கார்ந்திருப்பது எல்லாம் முட்டை அடைத்துக்கொண்டதன் அறிகுறிகள். அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கக்கூடிய மிருக வைத்தியரிடம் போக வேண்டும். ‘நாளைக்குப் பார்ப்பம்’ என்று விட்ட ஒரு நாளே பல பெண்களுக்குக் கடைசி நாளாகியிருக்கிறது.

அந்த ஆணின் மின்னலுக்கும் காரணம் உண்டு. காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கூட்டின் ஓரத்தில் கண்ணாடி தெரிகிறது. தன் பிம்பத்தை எதிரியென்று நினைத்து ஆண் நிறத்தைக் கொட்டுகிறது. ஒரு நிமிடக் காணொளிக்கு அழகுதான்; நாள்முழுக்க அப்படி நின்றால் அது ஓயாத பதற்றம், சாப்பாடு குறையும். சாதாரணமாக அமைதியாயிருக்கும் ஆண் பச்சையாகத்தான் இருக்கும். சிவப்புத் துணியில் வைத்தால் சிவக்கும் என்று காட்டுபவரிடம் எதையுமே வாங்காதீர்கள். நிறம் பின்னணியைப் பார்த்து மாறுவதில்லை. ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் மடகஸ்கார் சிறுத்தைப் பச்சோந்தியில் செய்த ஆய்வை 2015இல் வெளியிட்டார்கள்: தோலின் சில செல்களுக்குள் குவானின் எனும் பொருளின் நுண்படிகங்கள் அடுக்காக இருக்கின்றன. விலங்கு தளர்ந்திருக்கையில் அவை நெருக்கமாக நின்று நீலத்தைத் திருப்பி அனுப்ப, மேலுள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. கிளர்ந்தால் இடைவெளி விரிந்து மஞ்சள், செம்மஞ்சள் பக்கம் போகிறது. கறுப்பு வேறு வழி: மெலனின் எனும் கறுப்பு நிறமி விரிந்து பரவினால் உடல் இருளும். குளிரில் வெயிலுக்குத் திருப்பிய ஒரு பக்கம் மட்டும் கறுப்பது அதனால்தான், அது நோயில்லை. இரவில் தூங்கும்போது வெளிறுவதும் இயல்பு. பகலில் வெளிறினால்தான் யோசிக்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்று பார்க்க நிறம் தேவையில்லை. ஏமன் பச்சோந்தி ஆணின் பின்காலில், குதிப்பக்கம், முட்டையிலிருந்து வந்த நாளிலிருந்தே சிறு முள்போன்ற முளை இருக்கும். பெண்ணுக்கு இல்லை. இரண்டு ஆண்களை ‘குட்டி ஜோடி’ என்று விற்பதைப் பிடிக்க இது போதும்.

மலிவான மோசடி ஒன்றும் நடக்கிறது. வேலியில் பிடித்த பச்சை ஓணானைப் பச்சோந்தி என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கும், அதனால் பார்ப்பவர் நம்பிவிடுகிறார். பச்சோந்தியின் கண் கூம்புபோல் துருத்தி, இரண்டும் தனித்தனியே சுழலும். விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் குறடுபோல் பிடிக்கும். வால் சுருளும். ஓணானுக்கு ஐந்து விரலும் தனித்தனி, விட்டால் ஓடிவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊரில் மதியம் வீட்டுக்குள்ளேயே 33, 34 பாகைக்குப் போகும். அப்போது விற்பவர் சொன்னார் என்று சூட்டுப் பல்பைக் கூட்டுக்கு மேல் எரிய விட்டால் பச்சோந்தி வெளிறி, வாய் திறந்து மூச்சுவிடும். பல்பை அணைத்து நீர் தெளியுங்கள். யூவீபி எனும் புறஊதாக் கதிரைத் தரும் பல்பு மட்டும் கட்டாயம். யன்னல் கண்ணாடியூடாக வரும் வெயிலில் யூவீபி வராது, அதை நம்பியிருந்தால் எலும்பு வளையும்.

கடைசியாகக் காகிதம். காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் 2ஆம் பின்னிணைப்பில் ஏமன் பச்சோந்தி உள்ளது. இறக்குமதிக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இலங்கையின் சொந்தப் பச்சோந்தி புத்தளம் பக்கத்து உலர்காடுகளில் வாழ்வது. அதைப் பிடிப்பதும் விற்பதும் 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். “பேப்பர் எல்லாம் கொழும்பில இருக்கு, பிறகு அனுப்புறன்” என்றால், அந்தப் பேப்பர் வந்த பிறகே காசு அனுப்புங்கள். கூடவே கண்ணாடி இல்லாத, வெட்டப்படாத பகல்நேரக் காணொளி ஒன்றும் கேளுங்கள், பின்கால் தெரிய.