அரிசி ஆலை எடை மேடையில் பழைய லேப்டாப்: ஐஆர்க்யூ மோதலைத் தீர்க்கும் வழி

மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலைகளில் எடை மேடை அறைக்குப் பழைய லேப்டாப்பை விடாமல் வைத்திருக்க ஒரே காரணம் போதும்: பின்புறம் இருக்கும் ஒன்பது பின் சீரியல் போர்ட். எடையைக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டியின் ஒயரை நேராகச் செருகிவிடலாம். சீரியல் போர்ட்டோடு 2003–2008 வாக்கில் வந்த மாடல்கள், எடைச் சீட்டு அடிக்க இன்றைக்கும் தாராளம். ஹார்டு டிஸ்க், விசிறி இரண்டையும் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும்.

தகராறு இண்டரப்ட்டில்தான், அதாவது ‘என்னைக் கவனி’ என்று ஒரு சாதனம் பிராசஸருக்கு அனுப்பும் அழைப்பில். அந்த அழைப்புக்கான எண்தான் ஐஆர்க்யூ. தை, மாசியில் சம்பா நெல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் எடை திரையில் அப்படியே உறைந்துவிடும். இல்லையென்றால் 18,460 கிலோ 1,846 ஆக விழும். இரண்டாவதுதான் ஆபத்து, கவனிக்காமல் சீட்டு அடித்துவிட்டால் கணக்கே கெட்டது.

சீரியல் போர்ட்டுகளுக்கு காம்1, காம்2 என்று வரிசையாகப் பெயர். காம்1, காம்3 இரண்டுக்கும் ஐஆர்க்யூ 4. காம்2, காம்4 இரண்டுக்கும் ஐஆர்க்யூ 3. இது ஐஎஸ்ஏ என்ற பழைய கார்டு இணைப்பு முறை காலத்து ஏற்பாடு. ஒரே எண்ணை இரண்டு போர்ட் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஒன்று ஊமையாகிவிடும். அதற்குப் பின் வந்த பிசிஐ இணைப்பு முறைச் சாதனங்கள் அப்படியல்ல, ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்வது அவற்றுக்கு இயல்பு. 16-ஆம் எண்ணில் யுஎஸ்பி, கிராபிக்ஸ், வைஃபை மூன்றும் சேர்ந்து தெரிந்தால் பதற வேண்டாம். 3, 4 என்ற இரண்டு எண்களைத்தான் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் அங்கே வந்து உட்காருவது பெரும்பாலும் யாரும் தொடாத இன்ஃப்ராரெட் போர்ட்.

ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று அடித்து, ஹார்டுவேர் ரிசோர்சஸ் பகுதியில் கான்ஃப்ளிக்ட்ஸ்/ஷேரிங் பக்கத்தைத் திறந்தால் யாரோடு யார் மோதுகிறார்கள் என்று தெரிந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு கோட் 12 (சாதனத்துக்குத் தேவையான எண் கிடைக்கவில்லை என்ற பிழை) இருந்தாலும் இதே கதைதான். அங்கேயே எண்ணை மாற்றப் போராடுவதைவிட லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குப் போவது நல்லது. இன்ஃப்ராரெட்டை டிஸேபிள் செய்யுங்கள். சீரியல் போர்ட்டை ஆட்டோவில் விடாமல் காம்1, முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4 என்று நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால், பக்கவாட்டுத் துளையில் பிசிஎம்சிஐஏ கார்டு செருகும்போதோ, லேப்டாப்பை டாக் என்ற இணைப்புத் தட்டில் வைக்கும்போதோ எண் இடம் மாறக்கூடும்.

மோதலே இல்லாமலும் இலக்கம் விழும். வரும் எழுத்துகளைப் பிராசஸர் எடுக்கும்வரை பிடித்து வைக்கும் போர்ட்டின் பஃபர் 16 பைட், ஓர் எழுத்துக்கு ஒரு பைட். 9600 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்து வரும். பஃபர் 14 பைட் நிரம்பியபின்தான் இண்டரப்ட் எழும் என்று வைத்திருந்தால், மீதி இரண்டு பைட்டுக்கு 2 மில்லிசெகண்ட்தான் அவகாசம். அதற்குள் பிராசஸர் வராவிட்டால் எழுத்து போய்விடும். போர்ட்டின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் ரிசீவ் பஃபரை ஒரு படி கீழே இறக்குங்கள். இண்டிகேட்டரில் 2400-க்குக் குறைத்தால் அவகாசம் நான்கு மடங்காகும். எடை எண்ணை அனுப்ப 2400 வேகமே தாராளம். மென்பொருளிலும் அதே வேகத்தை மாற்ற மறக்கக் கூடாது.

மவுஸ் அம்பு திரையில் தானாகத் துள்ளினால் அது ஐஆர்க்யூ கோளாறு அல்ல. விண்டோஸ் தொடங்கும்போது இண்டிகேட்டர் இடைவிடாமல் அனுப்பும் எண்களை, சீரியல் மவுஸ் என்று அது தவறாக எடுத்துக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பிரிவில் சீரியல் பால்பாயின்ட் என்று ஒன்று முளைத்திருக்கும். அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த பூட்டில் திரும்ப வரும், டிஸேபிள் செய்ய வேண்டும். லேப்டாப் முழுதாக எழுந்தபின் இண்டிகேட்டரை ஆன் செய்யும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

எதைச் செய்தும் சரியாகவில்லையா? ஒயரைக் கழற்றி, போர்ட்டின் 2, 3 பின்களை ஒரு சின்னக் கம்பியால் இணையுங்கள். ஹைப்பர்டெர்மினல் என்ற நிரலில் ஃப்ளோ கன்ட்ரோலை நன் (None) என்று வைத்துத் தட்டச்சு செய்தால் அதே எழுத்து உடனே திரும்ப வர வேண்டும். வந்தால் லேப்டாப்பில் குறை இல்லை, அடுத்துப் பார்க்க வேண்டியது ஒயரை. கனெக்டரில் அப்பிய தவிட்டுத் தூசியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, 5-ஆம் பின்னில் வரும் கிரவுண்ட் ஒயரின் சால்டரிங்கைப் பாருங்கள்.

போர்ட்டே போய்விட்டால் யுஎஸ்பி கன்வெர்ட்டர் மாட்டலாம், 3, 4 சண்டை அத்தோடு தீரும். ஆனால் எப்போதும் ஒரே யுஎஸ்பி துளையில் செருகுங்கள். துளை மாறினால் காம்4 காம்7 ஆகிவிடக்கூடும். மென்பொருள் காம்4-இலேயே எடைக்காகக் காத்திருக்கும்.