மாத்திரையா, தெப்பக்குளத்து நடையா?

அக்கா மகளுக்கு வயது 15. உடம்பெல்லாம் வலி, ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. ஃபைப்ரோமயால்ஜியா என்றார் டாக்டர். 'நடிக்கிறா' என்றது சொந்தம். நடிப்பில்லை. காயமே இல்லாவிட்டாலும், சத்தம் கூட்டி வைத்த ரேடியோ மாதிரி, மூளையும் தண்டுவடமும் சின்ன அழுத்தத்தைக்கூடப் பெரிய வலியாக்கிவிடுகின்றன.

மாத்திரை என்றால் பிரிகாபலின். அமெரிக்காவில் 2007-ல் இந்த நோய்க்கு அனுமதி, அதுவும் பெரியவர்களுக்குத்தான். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வரலாம். பள்ளிப் பிள்ளைக்குச் சிரமம்.

நடை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆரம்பத்தில் வலி கூடவும் செய்யலாம். அதனால் வண்டியூர் தெப்பக்குளத்தை முதல் நாளே முழுதாகச் சுற்ற வேண்டாம், ஒரு கரை போதும். கூடவே மனநல ஆலோசகரிடம், வலியோடு அன்றாட வேலைகளைச் சமாளிக்கும் பயிற்சி. நான் நடை பக்கம்தான். என்ன, ஜிகர்தண்டா ஆசை காட்டித்தான் அவளைக் கிளப்ப வேண்டியிருக்கிறது.