முறுக்கிற டைமரும் ஒரு துண்டுக் கடதாசியும்: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

படிக்க இருத்தினால் ஐந்து நிமிடத்துக்குள் எழும்பி ஓடுகிற பிள்ளைக்கு ஒரு டைமர் வாங்கிக் கொடுங்கள் என்று பலபேர் சொல்கிறார்கள். நாங்கள் வாங்கி இரண்டு வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. மகன் தரம் 4 இல் படிக்கும்போது தொடங்கி தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரைக்கும் பாவித்தோம், இப்போதும் மேசையில்தான் கிடக்கிறது. பற்றரி இல்லாத, கையால் முறுக்கிவிட்டால் டிக் டிக் என்று ஓடி முடிவில் மணியடிக்கிற, 60 நிமிடம் வரை வைக்கக்கூடிய குசினிச் சாமான். நல்ல சாமான்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில் வைத்த ஒரு துண்டுக் கடதாசி அதைவிடக் கூட வேலை செய்தது.

முறை புதிதல்ல. 1980களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், படிப்பில் மனம் நிற்கவில்லை என்று தனக்காகச் செய்துகொண்டது, பொமோடோரோ என்று பெயர். 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று முடிய கொஞ்சம் நீண்ட ஓய்வு, அவ்வளவுதான். ஆனால் அவர் அப்போது கம்பஸ் படித்த ஆள். ஒன்பது வயதுப் பிள்ளையை எடுத்த எடுப்பில் 25 நிமிடம் இருத்தினால் கதிரைதான் உடையும். நாங்கள் 10 இல் தொடங்கி, அது அலுப்பில்லாமல் போகத் தொடங்கிய பிறகு 12, 15 என்று மெதுவாகத்தான் கூட்டினோம்.

எங்கள் வீடு கிளிநொச்சி ரவுணில் இருந்து உள்ளே, வயல்கரையோடு. இங்கே பிள்ளையின் கவனத்தைக் கலைக்கப் போன் தேவையே இல்லை. தகரத்தில் குரங்கு பாயும், வேலிக்கு அங்கால மயில் நிற்கும், ரோட்டில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) போனால் யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டு, சொன்னது சரியா என்று பார்க்க எழும்பி ஓடுவான். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பின்னேரம் தகரத்துக்குக் கீழே பெரிய ஆட்களுக்கே ஒன்றும் ஏறாது, அந்த நேரத்தில் பிள்ளையை இருத்தி ஏசுவதில் பயனில்லை. விடிய வெள்ளன ஒரு சுற்று, பொழுதுபட்டு முகம் கால் கழுவின பிறகு இரண்டு சுற்று என்று மாற்றினோம்.

இனித்தான் அந்தக் கடதாசி. வேலைக்கு நடுவில் வேறு எண்ணம் வந்தால் அதைக் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்பு என்பது சிரில்லோவின் முறையிலேயே இருக்கிறது. டைமரை விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. பழைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து மேசையில் வைத்து, "என்ன ஞாபகம் வந்தாலும் இதில எழுது, மணி அடிச்ச பிறகு பார்ப்பம்" என்றோம். முதல் கிழமைகளில் தாள் நிறைந்து வழியும். சைக்கிளுக்குக் காத்து அடிக்கோணும். மயில் எங்க முட்டை இடும். மாமாட லாண்ட்மாஸ்டர் ஏன் நேற்று வரேல்ல. ஓய்வில் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வோம் (மயில் நிலத்தில்தான் முட்டையிடும், அதற்காகப் பற்றைக்குள் கையை விடாதே என்பதையும் சேர்த்து). போகப் போக, எழுதியதில் பாதியை மணியடிக்கும்போது அவனே வெட்டிவிடுவான், அதற்குள் அதில் இருந்த அவசரம் போய்விடும். மறந்துபோய்விடுமே என்ற பயத்தில்தான் அவன் அந்தந்த நேரத்திலேயே எழும்பி ஓடியிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொரு விசயம், மணியடித்தால் விட வேண்டும், கணக்குப் பாதியில் நின்றாலும். எங்களைப் பார்த்து வாங்கிய பக்கத்து வீட்டில் "இன்னும் ஒரு கேள்விதானே, முடிச்சிட்டுப் போ" என்று ஒவ்வொரு முறையும் இழுத்தார்கள், கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை டைமரைக் கண்டாலே முகத்தைச் சுழிக்கத் தொடங்கியது. மணியடித்த பிறகு வருகிற ஐந்து நிமிட ஓய்வில் போனும் ரீவியும் வேண்டாம், அது ஐந்தில் நிற்காது. முற்றத்தில் ஒரு ஓட்டம், தண்ணி, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியால் வந்த ஆட்கள் இருந்தால் ஒரு கை கச்சான் கடலை.

குறைகளும் உண்டு. டிக் டிக் சத்தம் முதலில் அவனுக்கே இடைஞ்சல், துணிக்கு மேல் வைத்துச் சமாளித்தோம். ஐந்து பத்து நிமிடம் என்று வைக்கும்போது பாதி தூரம் முறுக்கிவிட்டுத் திரும்பப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சிலவேளை மணியே அடிக்காது. பெரிய குறை பரீட்சையோடுதான் வந்தது. புலமைப்பரிசிலில் ஒரு தாள் ஒரு மணித்தியாலம், மற்றது ஒன்றேகால். துண்டு துண்டாகப் படித்துப் பழகிய பிள்ளை முழுத் தாளுக்கு நடுவில் ஓய்வு தேடும். அதனால் கடைசி மாதங்களில் கடந்தகால வினாத்தாள் செய்யும்போது டைமரை ஒதுக்கிவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தே செய்வித்தோம். வெட்டுப்புள்ளி தாண்டினானா என்று கேட்பீர்கள், அதை இந்தச் சாமானின் கணக்கில் சேர்க்கக்கூடாது.

சொந்தக்காரர் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இனிப்பை நிறுத்து என்றார்கள். சீனி பிள்ளைகளைத் துருதுருப்பாக்குகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை, பல்லுக்காகக் குறைக்கலாம். வல்லாரை கொடு என்றார்கள். சம்பல் நன்றாக இருக்கும், சாப்பிடுகிறோம்.

கவனக்குறைபாடு (ADHD) என்ற ஒன்றை மட்டும் டைமரோடு குழப்ப வேண்டாம். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் இரண்டு இடத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் இதே பாடு என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள், அதற்கு முதல் கண்ணையும் காதையும் சோதியுங்கள், பலகையில் எழுதியது தெரியாத பிள்ளையும் கவனமில்லாத பிள்ளை மாதிரித்தான் இருக்கும். "அம்மம்மாவோட கொக்கான் வெட்டேக்க அரை மணித்தியாலம் இருக்கிறான்தானே" என்று (கல்லை எறிந்து பிடிக்கிற விளையாட்டு) விட்டுவிடவும் முடியாது. கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளும் விரும்பினதில் மூழ்கிப் போவார்கள்.

திரும்ப வாங்குவேனா? மகளுக்கு இருந்து படிக்கிற வயது இன்னும் ஆகவில்லை, அவளுக்கு இது விளையாட்டுச் சாமான், டைமருக்குள் இருக்கிற சுருள் பாதி இளகினதும் அவளால்தான். அவள் தரம் 3 வந்த பிறகு பார்க்கலாம். நீங்கள் வாங்குவதென்றால் கடையிலேயே பத்து நிமிடத்துக்கு வைத்துவிட்டு, மணி அடிக்கும் வரைக்கும் நின்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கடதாசிக்குக் காசு இல்லை, அதை இன்றைக்கே தொடங்கலாம்.