வெள்ளவத்தைப் புள்ளிவிபரவியல் வகுப்பு: மாதிரியெடுப்புப் பாட அலகு பற்றிய மதிப்பீடு

உயர்தர வணிகப் பிரிவில் பயிலும் என் மகள், கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் தமிழ்மொழி மூலம் நடைபெறும் வகுப்புக்குச் செல்கிறாள். பெற்றோரையும் அமர அனுமதித்த பாடமொன்றைப் பின்வாங்கிலிருந்து கவனித்து, அவளது கொப்பியையும் முழுமையாக வாசித்த பின்னரே இதனை எழுதுகிறேன்.

ஆசிரியர் சூத்திரத்தில் தொடங்குவதில்லை. வெள்ளவத்தைக் கடைகளின் சராசரி மாத வாடகையைக் கண்டறிய வேண்டும் என்று பலகையில் எழுதிவிட்டு, மேல்மாடியில் இயங்கும் தையலகமும் சந்தைக்குள் இருக்கும் மரக்கறிக் கடையும் அந்தக் குடித்தொகையில், அதாவது ஆராயப்படும் முழுத் தொகுதியில், அடங்குமா என்று கேட்கிறார். அதைத் தீர்மானித்த பிறகுதான் மாதிரிச் சட்டகத்துக்கு, அதாவது மாதிரியைத் தெரிவதற்கான பட்டியலுக்கு, வருகிறார். சட்டகம் பிழைத்தால் மாதிரியின் பருமன் கைகொடுக்காது என்பதற்கு, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பதில்களைப் பெற்றும் 1936ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் முடிவைத் தவறாகக் கணித்த சஞ்சிகையை எடுத்துக்காட்டுகிறார். அச்சஞ்சிகை பயன்படுத்திய பட்டியல் பெரும்பாலும் தொலைபேசி, வாகன உரிமையாளர்களைக் கொண்டிருந்ததுடன், அஞ்சலில் சென்ற வாக்குச்சீட்டுகளில் பெரும்பாலானவை திரும்பி வரவுமில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது படையாக்கப்பட்ட மாதிரியெடுப்பு (குடித்தொகையைப் படைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் தெரியும் முறை) பற்றிய விளக்கமே. 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி இலங்கை மக்களில் 4.4 சதவீதத்தினரே பெருந்தோட்டத் துறையில் வாழ்ந்தனர். ஆகவே நூறு பேரை எளிய எழுமாற்று முறையில் (எல்லோருக்கும் சம வாய்ப்பளித்து) தெரிந்தால் அவர்களில் ஏறத்தாழ நால்வரே தோட்டத்தவராக இருப்பர், சில வேளை ஒருவரும் இல்லாமலும் போகலாம். விகிதாசாரப்படி ஒதுக்கினாலும் அந்த நால்வர்தான் கிடைப்பர் என்பதால், தோட்டத் துறையைத் தனியாக ஆராய விரும்புபவர் அப்படைக்குக் கூடுதலான இடம் ஒதுக்கி, நாட்டுக்கான சராசரியைக் கணிக்கும்போது நிறைகொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் செய்து காட்டினார். மலையகத்தில் உறவினர் உள்ள பிள்ளைகள் பலர் இருக்கும் வகுப்பில் இதற்கு இணையான உதாரணம் அரிது.

பட்டியலில் சம இடைவெளியில் தெரியும் முறைசார் மாதிரியெடுப்பும் திருத்தமாகவே கற்பிக்கப்பட்டது: 240 கடைகளில் 20ஐத் தெரிய இடைவெளி 12, முதல் எண் மட்டும் 1 முதல் 12 வரை எழுமாற்றாகத் தெரியப்படுகிறது.

ஆயினும் கொத்து மாதிரியெடுப்பு கொப்பியில் அரைப்பக்கத்துடன் முடிந்துவிட்டது. படையிலே எல்லாப் படைகளிலிருந்தும் அலகுகள் எடுக்கப்பட, கொத்திலே தெரிந்தெடுத்த கொத்துகள் மட்டுமே ஆராயப்படுகின்றன என்ற வேறுபாட்டில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகின்றனர். வழங்கப்பட்ட எழுமாற்று எண் அட்டவணையும் 3, 8 ஆகிய இலக்கங்களைப் பிரித்தறிய இயலாத மங்கிய நிழற்பிரதியாக இருந்தது. கட்டணம் பெறும் வகுப்பு இதனை உடனே மாற்றித் தர வேண்டும்.

கடந்தகால வினாத்தாள்களை வேகமாகச் செய்து முடிக்க விரும்புபவருக்கு இவ்வகுப்பு மெதுவாகத் தோன்றும். முதல் தடவை இவ்வலகைக் கற்பவர் தயங்காமல் சேரலாம்.